கொத்தாத தோட்டத்துக்கு எந்த மூடாக்கு? வேலூர்ப் பக்கம் கிடைக்கும் சரக்கெல்லாம் எடைபோட்டு

கோகோ பீட் (தென்னை நார்க்கழிவுத் தூள்) கட்டியை மூடாக்குக்காக, அதாவது மண்ணின்மேல் பரப்பி மூடுவதற்காக, வாங்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி நர்சரிகளில் போய் "கொத்தாமல் தோட்டம் போடணும், மேலே மூட ஏதாவது கொடுங்க" என்று கேட்டால், பல இடங்களில் முதலில் எடுத்து வைப்பது அந்த ஐந்து கிலோ கட்டியைத்தான். தொட்டி மண்ணில் கலக்க அது நல்ல சரக்கு. தரையில் பரப்பினால் சித்திரை வெயிலில் காய்ந்து தூளாகக் காற்றில் போகும். ஐப்பசி மழையில் மிதந்து வாசலுக்கு வரும். இந்த ஊருக்கு ஏற்ற மூடாக்கு நர்சரியில் இல்லை. கடலை மில்லிலும் கரும்புக் கொல்லையிலும் இருக்கிறது.

இங்கே மண் பெரும்பாலும் செம்மண், இல்லாவிட்டால் செம்மண்ணோடு சரளை. வெறுமனே விட்டால் மழைத்துளி அடித்து மேலே ஓடு கட்டும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் வழிந்து ஓடிவிடும். மண்வெட்டியால் கொத்தினால் ஓடு உடையும்தான். இரண்டு மழையில் திரும்பக் கட்டிவிடும். அதற்குள் மண்புழு போட்ட வழியெல்லாம் அறுந்து, அடியில் தூங்கிக்கொண்டிருந்த களைவிதை வெளிச்சத்துக்கு வந்திருக்கும். மூடாக்கு அந்தத் துளியின் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. மேல்மண் காயக் காய அடியில் உள்ள உப்பு ஏறி வந்து வெள்ளையாகப் பூக்கும். மூடி வைத்தால் ஆவியாவது குறையும், பூப்பதும் குறையும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப் போன மூடாக்கும், செலவில்லா இயற்கை விவசாயம் சொல்லும் பாலேக்கர் முறைக்காரர்கள் ஆச்சாதனம் என்பதும் இதுதான்.

சரக்குகளை ஒப்பிட ஓர் அளவு வேண்டும். பத்தடி நீளம், நாலடி அகலம் கொண்ட ஒரு பாத்தியை வைத்துக்கொள்வோம்: 40 சதுர அடி. நாலு அங்குலக் கனத்தில் மூட சுமார் 375 லிட்டர் பொருள் பிடிக்கும். காலியான 20 லிட்டர் பெயின்ட் வாளியால் அளந்தால் 19 வாளி. இரண்டு அங்குலம் என்றால் அதில் பாதி. கடையில் எடைக்கு விற்பார்கள், கட்டுக்கு விற்பார்கள், மூட்டைக்கு விற்பார்கள். நமக்கு வேண்டியது வாளிக் கணக்கு. விலை கேட்கும்போதே இதை மனதில் போட்டுக்கொண்டால் பாதி ஏமாற்றம் தீரும். இரண்டு பரீட்சையில் தேறாத சரக்கை ஒதுக்கிவிட வேண்டியதுதான்: ஒன்று அக்னி நட்சத்திரம், இன்னொன்று ஐப்பசி, கார்த்திகை மழை.

கோகோ பீட் கட்டி

ஐந்து கிலோ கட்டியை ஊறவைத்தால் ஏறக்குறைய 70 லிட்டர் வரும். நம் பாத்தியை நாலு அங்குலம் மூட ஐந்தரைக் கட்டி! அவ்வளவு செலவு செய்தும் பலன் இல்லை. துகள் பொடி என்பதால் மேல்பரப்பு காய்ந்ததும் தண்ணீரை உள்ளே விடாமல் முத்து முத்தாக உருட்டிவிடும். மேலே பொரபொரவென்று காய்ந்திருக்கும், உள்ளே சேறாக இருக்கும். ஈரம் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. கழுவாத சரக்காக இருந்தால் உப்பு வேறு. ஏற்கனவே உப்புத் தண்ணீர் பாயும் வீட்டில் அதை ஏன் கூட்ட வேண்டும்?

மக்காத நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) நூறு பங்குக்கு மேல் கரிமம் (கார்பன்) இருக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறைப்படி ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து கிலோ யூரியாவும் ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைத்தால் அது 24 பங்கு அளவுக்கு இறங்கும். அப்படி மக்கியதைப் பாத்தியில் எருவாகப் போடலாம், தாராளமாக. மூடாக்கு என்ற பெயரில் விற்கும் கட்டி அது அல்ல.

இதே தென்னையின் முழுத் தேங்காய் மட்டை வேறு கதை. குடியாத்தம், ஒடுகத்தூர் பக்கத் தென்னந்தோப்புகளில் மரத்தைச் சுற்றி மட்டை அடுக்குவது பழைய வழக்கம். வீட்டு எலுமிச்சை, மாதுளை, முருங்கைக்குக் கீழே போட அருமையான பொருள், வருடக்கணக்கில் உழைக்கும். ஒன்றே ஒன்று: குழிந்த பக்கம் தரையைப் பார்த்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். மண்ணுக்குள் புதைப்பதானால் குழியை மேல்நோக்கி வைப்பார்கள், அது தண்ணீரைப் பிடிக்க. தரைக்கு மேலே அப்படி வைத்தால் மழைக்குப் பிறகு ஒவ்வொரு மட்டையும் கொசுத்தொட்டி. டெங்கு கொசுவுக்கு ஒரு மட்டைத் தண்ணீர் போதும்.

வேர்க்கடலைத் தோல்

பத்துக்கு எட்டரை மதிப்பெண் தரலாம். இந்த மாவட்டங்களில் கடலை உடைக்கும் மில் இருக்கும் ஊரெல்லாம் கிடைக்கும். நம் பாத்திக்கு இரண்டு அங்குலம் போதும்: 190 லிட்டர், அதாவது நன்றாக நிரப்பிய பெரிய கோணிப்பை இரண்டு. எடை இருபது கிலோ சுமாருக்குள்தான் நிற்கும். பாய்லருக்கும் சூளைக்கும் எரிபொருளாகப் போகிற சரக்கு என்பதால் விலை ஏறி இறங்கும். லாரி லோடு போகும் மில்லில் இரண்டு மூட்டைக்கு மதிக்க மாட்டார்கள். சின்ன மில்லாகப் பார்த்துப் போவது உத்தமம்.

இதன் அழகு கையாளுவதில்தான். தோலின் வளைவு காரணமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து பாயாக ஒட்டிக்கொள்ளாது. மழையும் காற்றும் இடையில் போய்வரும். நாற்று நட்ட மூன்றாம் நாளே ஒரு கைப்பிடி எடுத்துச் செடியைச் சுற்றித் தூவலாம். வைக்கோலில் அது முடியாது, நாற்று புதைந்துபோகும். மக்குவதும் நிதானம், ஆடியில் போட்டது தை மாதத்திலும் பாதி உருவத்தோடு கிடக்கும்.

குறை இல்லாமல் இல்லை. காய்ந்த தோலைப் பரப்பியதும் பூவாளியால் நனைக்காவிட்டால் ஆடிக்காற்று அள்ளிப்போகும். தோலோடு உடைந்த பருப்பு வந்தால் எலியும் அணிலும் வந்து பாத்தியைக் கிளறும். ஆகவே வாங்கும்போது மூட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். பருப்பும் பொடியும் அதிகம் என்றால் வேண்டாம். பூசணம் பிடித்த வாடை வந்தால் நிச்சயமாக வேண்டாம். கடலைப் பூசணத்தின் நஞ்சு சாதாரணமானது அல்ல. நல்ல சரக்கையே மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டுதான் கொட்ட வேண்டும்.

அதைவிட முக்கியம் அடித்தண்டு அழுகல். கடலைக் கொல்லையில் வரும் அதே பூஞ்சை தோலோடு வரலாம். தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றையும் பிடிக்கும். செடியின் கழுத்தில், மண்ணோடு ஒட்டிய இடத்தில், வெள்ளை நூல் போலப் படரும். சில நாளில் அதில் கடுகு கொட்டினாற்போல் பழுப்பு உருண்டைகள் தெரியும். அப்போது செடி போய்விட்டது என்று அர்த்தம். வேரோடும் அந்த மண்ணோடும் அள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதுதான் வழி. வராமல் தடுக்க, தோலை இரண்டு நாள் மொட்டை மாடியில் மெல்லிசாகப் பரப்பி வெயிலில் காயவிடுங்கள். 100 கிராம் டிரைகோடெர்மா விரிடியை (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) ஐந்து கிலோ மக்கிய எருவில் கலந்து, ஈரம் காட்டி, நிழலில் ஒரு வாரம் மூடி வைத்து, மூடாக்குக்கு அடியில் தூவுங்கள். பெரிய இடுபொருள் கடைகளில் இது கிடைக்கும். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள், அது உயிருள்ள சரக்கு. செடித் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் மூடாக்கு நிற்க வேண்டும். எந்தச் சரக்கானாலும் இந்த நாலு விரல் விதி மாறாது.

கரும்புச் சோகை

காசுக்கு இதைவிடப் பெறுமானமான பொருள் இந்தப் பக்கம் இல்லை. திருவலம் அம்முண்டி சர்க்கரை ஆலையைச் சுற்றிய கரும்புக் கொல்லைகளில் மார்கழி, தை தொடங்கி வெட்டு நடக்கும்போது சோகை (கரும்பின் காய்ந்த இலை) மலையாகக் கிடக்கும். மறுதாம்புக்கு (வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் அடுத்த பயிர்) இடம் ஒழிக்க வேண்டுமென்று தீ வைத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் போய்க் கேட்டால் சோகைக்கு விலை பேச மாட்டார்கள் பெரும்பாலும். செலவெல்லாம் வண்டிக்கும் ஆளுக்கும்தான். ஒரு குட்டி யானை லோடு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால், நாலைந்து பாத்திக்குத் தாராளம். தனியாகப் போவதைவிட, தெருவில் மூன்று வீடு சேர்ந்து ஒரு வண்டி பிடிப்பது புத்திசாலித்தனம்.

சோகை மெதுவாக மக்கும், காற்றில் பறக்காது, மழையில் மிதக்காது. அக்னி நட்சத்திரத்தில் இதைத் தூக்கிப் பார்த்தால் கீழே மண் குளிர்ந்து கிடக்கும். பக்கத்தில் வெறும் தரையில் கை வைக்க முடியாது. ஆனால் ஓரமெல்லாம் ரம்பம். முழுக்கைச் சட்டை, கையுறை இல்லாமல் தொட்டால் கையெல்லாம் கீறலும் அரிப்பும் மிச்சம். நீளமாக அப்படியே போட்டால் செடிக்கு இடையில் அடங்காது, வளைந்து தூக்கிக்கொண்டு நிற்கும். அரிவாளால் ஒரு அடித் துண்டுகளாக வெட்டி, முதல் நாளே நனைத்து வைத்துப் பரப்பினால் படியும். அரை அடிக் கனத்துக்குப் போடலாம். மிதித்து நனைத்தபின் மூன்று, நாலு அங்குலம் நிற்கும்.

லோடு இறக்கும்போது குச்சியால் தட்டித் தட்டி எடுங்கள். தேள் இருக்கும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் சோகையைக் குவியலாகப் போட்டு வைக்காமல் வந்த அன்றே பரப்பிவிட வேண்டும். தீபாவளி சமயத்தில் காய்ந்த சோகை மேலே ஒரு ராக்கெட் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு நாளும் மாலையில் ஹோஸ் பிடித்து நனைத்துவிடுங்கள், மழை இல்லாவிட்டால்.

சோகை கீழே மூன்று அங்குலம், மேலே கடலைத் தோல் ஓர் அங்குலம். பார்க்கவும் லட்சணம், உழைப்பும் உண்டு. ஒரே ஒரு சேர்க்கையைத்தான் வாங்க முடியும் என்றால் இதுதான்.

வைக்கோல்

நல்ல பொருள், ஆனால் மாட்டோடு போட்டி. மிஷின் அறுவடை வந்தபிறகு உருளைக்கட்டாக வருகிறது. ஈரத்தைப் பொறுத்து ஒரு உருளை 15 முதல் 25 கிலோ நிற்கும். ஒரு பாத்திக்கு ஒன்று போதும், தாராளமாகப் போட்டால் ஒன்றரை. ஆரணி, கலவைப் பக்கம் சம்பா அறுப்பு முடிந்து தை, மாசியில் வாங்குவது மலிவு. கோடையில் தீவனத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் விலை எகிறும். கட்டு கனமாக இருக்கிறதே என்று மகிழ வேண்டாம், நனைந்த கட்டாக இருக்கும். நடுவில் கை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது, கறுப்புப் பூசணமும் இருக்கும்.

உருளையை அப்படியே பிரித்துப் பாய் மாதிரி விரிக்கக் கூடாது. உதறி உதறித் தளர்வாகப் போட வேண்டும். பாயாகக் கிடந்தால் லேசான மழை அதிலேயே நின்றுவிடும், மண்ணுக்கு எட்டாது. ஒரு சாண் உயரம் தளர்வாகப் போட்டது ஒன்றரை, இரண்டு மாதத்தில் இரண்டு விரலுக்கு இறங்கிவிடும். ஆடிப்பட்டத்துக்குப் போட்டால் தீபாவளிக்குள் ஒருமுறை மேலே சேர்க்க வேண்டும். சிந்தின நெல் முளைக்கும், அதைப் பிடுங்கி அங்கேயே போட்டால் சரி. காளான் முளைத்தால் பயம் வேண்டாம், செடிக்குக் கெடுதல் இல்லை, சமைக்கவும் வேண்டாம்.

களைக்கொல்லி அடித்த வயலா என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி வைக்கோலை ஊறவைத்த தண்ணீரைத் தொட்டியில் முளைத்த நாலு அவரைச் செடிக்கு ஊற்றிப் பார்க்கலாம். பத்து, பதினைந்து நாளில் குருத்து சுருண்டு முறுக்கினால் அந்த வைக்கோல் மாட்டுக்கும் வேண்டாம்.

மற்றவை, சுருக்கமாக

உமி: அரிசி மில்லில் மலிவு. தனியாக மூடாக்காகப் போடாதீர்கள். காய்ந்தால் பறக்கும், நனைந்தால் படிந்து அடைக்கும். சோகைக்கு அடியில் அரை அங்குலம் என்றால் சரி. கருக்கிய உமி அதைவிட நல்லது.

மரத்தூள்: மர அறுவை மில்லில் சும்மாவே தருவார்கள். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 400 பங்கு கரிமம் வரை போகும் பொருள் இது. நடைபாதையில் போடலாம். பாத்தியில் மண்ணோடு கலந்துவிட்டால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு செடியை மஞ்சளாக்கிவிடும். மேலே கிடந்தால் அந்தத் தொல்லை ஒட்டிய மேல்மண்ணோடு நின்றுவிடும். கொத்தாத தோட்டத்தில் மூடாக்கை மண்ணுக்குள் புரட்டாமல் இருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காய்ந்த இலை: காசே வேண்டாம். மாசி, பங்குனியில் வேம்பும் பூவரசும் புங்கனும் கொட்டுகிறதை மூட்டை கட்டி வைத்தால் ஆடிவரை கவலை இல்லை. மாவிலையும் தேக்கிலையும் தட்டு மாதிரி படிந்து தண்ணீரைத் தள்ளும். காலால் நொறுக்கிப் போடுங்கள். யூகலிப்டஸ் இலை வேண்டாம், முளைப்பைக் கெடுக்கும். தெருக்குப்பையோடு கூட்டிய இலையில் பால் கவர் இல்லாத மூட்டை கிடைப்பது அபூர்வம்.

தழை: புங்கன், கிளைரிசிடியா, அகத்தி. இவை மூடாக்கு என்பதைவிடச் சாப்பாடு. சோகைக்கு அடியில் ஒரு அடுக்குப் பச்சையாகப் போட்டால் தழைச்சத்து பற்றிய பயம் தீர்ந்தது. ஒரு பாத்திக்குப் பத்துக் கிலோ போதும்.

பிளாஸ்டிக் ஷீட்: வெள்ளியும் கறுப்பும், 25 அல்லது 30 மைக்ரான், நாலடி அகலம், 400 மீட்டர் ரோல். கத்தரி, தர்ப்பூசணி பயிரிடும் பெரிய கொல்லைக்கு, சொட்டுநீரோடு, அதற்குக் கணக்கு உண்டு. பத்தடிப் பாத்திக்கு வெட்டி வாங்கிப் போடுவது வீண். மண்ணுக்கு எதுவும் சேராது. ஒரு பட்டம் முடிந்ததும் கிழிந்து துணுக்குத் துணுக்காக மண்ணில் கலக்கும்.

ஆன்லைனில் பை பையாக வரும் அலங்கார மரப்பட்டைத் துண்டு: ரோஜாத் தொட்டிக்கு மேலே அழகு பார்க்க. காய்கறிப் பாத்திக்கு இதை வாங்குவது கடலைத் தோலை விட்டுவிட்டு முந்திரியைத் தூவுகிற மாதிரி.

தோல் தொழிற்சாலைக் கழிவு: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் சீவல், தோல் தூள் என்று யாராவது உரமாகவோ மூடாக்காகவோ கொடுக்க வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். குரோம் பதனிட்ட தோலின் சீவலில் குரோமியம் இருக்கும். சமையலுக்குப் போகிற கீரை வளரும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

போடும் முறை

நல்ல சரக்கு வாங்கியும் தோட்டம் கெடுவது பெரும்பாலும் காய்ந்த மண்ணை மூடுவதால். மூடாக்கு ஈரத்தைக் காக்கும், ஈரத்தை உண்டாக்காது. காய்ந்த மண்ணை மூடினால் காய்ந்தபடியே பாதுகாக்கும்! அதனால் புல்லையும் களையையும் தரைமட்டத்தில் அறுத்து அங்கேயே விட்டு, மாலையில் 120 லிட்டர், அதாவது 15 லிட்டர்க் குடத்தால் எட்டுக் குடம், மெதுவாக ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் ஒரு கம்பியைக் குத்தினால் ஒரு சாண் சிரமமில்லாமல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னொரு நாலு குடம்.

புது லே-அவுட் மனைகளில் கிராவலும் கட்டட இடிபாடும் கொட்டி ரோலர் ஓட்டியிருப்பார்கள். அங்கே கொத்தாத முறையை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொண்டு நிற்பது வீண் பிடிவாதம். ஒரு அடிக்கு ஒரு இடம் கடப்பாரையை இறக்கி, முன்னும் பின்னும் ஆட்டி, மண்ணைப் புரட்டாமல் தளர்த்திவிட வேண்டும். ஒரே ஒரு தடவை. அதன் பிறகு அந்தப் பாத்தியில் கால் வைக்கக் கூடாது. நாலடி அகலம் வைப்பதே இரண்டு பக்கமிருந்தும் கை எட்டட்டும் என்றுதான்.

அடுத்து மக்கிய மாட்டு எரு ஓர் அங்குலம்: 20 லிட்டர் வாளியில் ஐந்து. நன்றாக மக்கியது என்றால் கையில் பிடித்தால் மண் வாசனை வரும், சாணி வாடை வராது. மக்காத குப்பையில் பார்த்தீனிய விதையும் வளைந்த வெள்ளைப் புழுவும் சேர்ந்தே வரும். சல்லடையில் சலித்துப் புழுவைக் கோழிக்குப் போடுங்கள். அதன்மேல் வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ வரை தூவலாம்.

அட்டைப்பெட்டி போடுவது களைக்கு நல்லது, ஆனால் இங்கே கரையான் இருக்கிறது. செம்மண்ணில் காய்ந்த அட்டை என்பது கரையானுக்குப் பந்தி. ஈரமாகவே வைத்திருக்க முடியும் என்றால் மட்டும் போடுங்கள்: பளபளப்பு இல்லாத பழுப்பு அட்டை, செல்லோ டேப்பும் ஸ்டேப்ளர் பின்னும் உரித்து, அரை அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி, நன்றாக நனைத்து. வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி. கதவு நிலை பக்கத்தில் வேண்டவே வேண்டாம். கோரைக் களை இருக்கும் இடத்தில் அட்டையை நம்பாதீர்கள். ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு வரும். வந்ததையெல்லாம் வாரம் ஒருமுறை பிடுங்கிக்கொண்டே இருந்தால் இரண்டு பட்டத்தில் கிழங்கு சோர்ந்துபோகும், அதற்குக் குறுக்குவழி கிடையாது.

மூடாக்கைப் பரப்பியபின் ஜீவாமிர்தம் தெளித்தால் மக்குவது சீராகும். வீட்டளவுக்கு: 20 லிட்டர்த் தண்ணீர், ஒரு கிலோ சாணி, ஒரு லிட்டர் கோமியம், 200 கிராம் வெல்லம், 200 கிராம் பயறு மாவு, ஒரு கைப்பிடி மரத்தடி மண். நிழலில் இரண்டு நாள், காலையும் மாலையும் ஒரு கலக்கு. ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் சேர்த்து, ஈரமாக இருக்கும் மூடாக்கின்மேல்.

நடும்போது மூடாக்கை இரண்டு கையாலும் விலக்கி, அட்டை இருந்தால் கத்தியால் குறுக்கே கீறி, ஒரு பிடி எருவோடு நாற்றை வையுங்கள். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, பூசணி, சேனை எல்லாம் இதில் சுகமாக வரும். கீரைக்கு இது ஒத்துவராது. முளைக்கீரை விதையை மூடாக்கின்மேல் தூவினால் ஒன்றும் வராது. நாலு விரல் அகலத்துக்கு வரிசையாக மண்ணைத் திறந்து, அதில் மணலோடு கலந்து விதைத்து, செடி விரலளவு வந்தபின் இரண்டு பக்கமும் கடலைத் தோலைத் தள்ளிவிடலாம். முள்ளங்கிக்கும் கேரட்டுக்கும் முதல் வருடம் இந்தப் பாத்தியைக் கொடுக்காதீர்கள். அடிமண் இளகாமல் வேர் கிளைத்துப்போகும்.

தண்ணீர் விடும்போது ஹோஸை மூடாக்கின் மேலே பீச்சினால் மூடாக்குதான் குடிக்கும். சொட்டுநீர்க் குழாய் மூடாக்கின் அடியில் போக வேண்டும். இல்லையென்றால் பழைய பாட்டிலின் அடியை வெட்டிச் செடி பக்கத்தில் தலைகீழாகச் செருகி அதில் ஊற்றுங்கள். நாளைக் கணக்குப் பார்க்காமல் விரலை மூடாக்குக்கு அடியில் விட்டு, மண் ஒட்டுகிறதா என்று பார்த்து ஊற்றினால் போதும். மழைக்காலத்தில் மூடாக்கு அதிகமாகி வேர் அழுகுவதும் உண்டு. கார்த்திகை அடைமழையில் செடியைச் சுற்றி இருப்பதை இன்னும் ஒரு சாண் விலக்கிவிடுங்கள்.

கத்தரிக்கு ஒரு தனிச் சொல். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலூர் முள்ளுக் கத்தரி, இலவம்பாடிக் கத்தரி என்று சந்தையில் கேட்பார்களே அது, மூடாக்கில் நன்றாகவே காய்க்கும். ஆனால் தண்டும் காயும் துளைக்கும் புழு செடியிலிருந்து இறங்கிக் கீழே கிடக்கும் சருகில்தான் கூட்டுப்புழுவாகும். மூடாக்கு அதற்கு மெத்தை. வாடித் தொங்கும் குருத்தை அரை அங்குலம் கீழே சேர்த்துக் கிள்ளி, ஓட்டை விழுந்த காயோடு சேர்த்து வாளித் தண்ணீரில் முக்க வேண்டும். பாத்தியிலேயே போட்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்கு நாமே தொட்டில் கட்டியதாகும். பாகலும் புடலையும் போட்டிருந்தால் பழ ஈ குத்தி விழுந்த பிஞ்சுக்கும் அதே வாளி. கொத்தாத மண்ணில் அதன் கூட்டுப்புழுவை வெயிலுக்கு எடுத்துக் காட்ட யாரும் இல்லை.

ஐப்பசியில் நத்தை. பெரிய ஆப்பிரிக்க நத்தை வந்த தெருவில் மூடாக்கு போட்டவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச்சோடு ஒரு சுற்று வர வேண்டும். பாத்தி ஓரத்தில் நனைத்த கோணிச்சாக்கை மடித்துப் போட்டு, மேலே இரண்டு முட்டைக்கோஸ் இலையும் பப்பாளித் தோலும் வைத்தால் விடியற்காலையில் எல்லாம் அதன் அடியில் கூடியிருக்கும். வெறுங்கையால் தொடாமல் பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போடுங்கள். உப்பைப் பாத்தியில் தூவ வேண்டாம்.